காய்ந்த தூள்தான் மிதக்கும்

கடையில் கட்டி கட்டியாக விற்கிறார்களே, அந்தத் தேங்காய் நார்த்தூளை நான் வாங்குவதில்லை. சரியாக அலசியிருக்க மாட்டார்கள். தேங்காய் மட்டையில் உப்பு உண்டு, பார்த்தால் தெரியாது. அப்படியே பூந்தொட்டியில் போட்டால் செடி முதலில் நன்றாகத்தான் இருக்கும். பிறகு இலையின் ஓரம் கருகும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றுவோம். அதற்குள் வேர் வெந்துபோயிருக்கும்.

நீங்கள் தகரத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள், அய்யா. வருகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். பயந்து வருகிறவர்களை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பது என் வேலை. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் பேசப் பிடிக்காது. செடிகளோடு இருப்பேன். வரும் வழியில் ஓர் எண்ணெய் ஆலை, அதன் வாசலில் மட்டை குவிந்து கிடக்கும். இளநீர் மட்டை எனக்கு ஆகாது. முற்றிய காயின் மட்டைதான் வேண்டும். ஆலைக்காரர் என்னைக் கண்டாலே, "மட்டையம்மா வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்பார். சிரித்துக்கொண்டே சாக்கை நிரப்பிக்கொள்வேன்.

வீட்டின் பின்முற்றத்தில் பழைய தரைத்தொட்டி ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம், வாய் தரையோடு தரையாக இருக்கும். மாடியில் தண்ணீர்த்தொட்டி வைத்த பிறகு அதை யாரும் சீண்டவில்லை. மட்டை ஊறப்போட நான் எடுத்துக்கொண்டேன். வாயை மூட ஒரு தகரம். ஊறிய மட்டையைப் பிய்த்து, நாரை உருவி, மிச்சத்தைக் கத்தரித்து மிக்சியில் ஓட்டிச் சலித்தால் தூள். அதை வாளியில் போட்டு அலச வேண்டும். முதல் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் வரும். தெளியும்வரை விடக்கூடாது. கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். என் தங்கை முகத்தைச் சுளிப்பாள்.

"அக்கா, ஒரு நாள் நீயே முளைக்கப் போற, பாரு."

அவளை நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. தலை பின்னிவிட்டதும் காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் நான். எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்றதும் அவளுக்காகத்தான். இதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. அவளிடம் மட்டும் எப்போதாவது.

அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் நான்தான். மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மாடி அறையில் இருவரும் இருந்தார்கள். முற்றத்தில் நான் தூளைக் காயப்போட்டிருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடப்பார்.

"மெத்த மாதிரி இருக்கு அண்ணி. உங்க செடிக்கு வாய்ச்ச வாழ்வு எனக்கு வாய்க்கலையே."

தரைத்தொட்டி இருக்கும் இடத்தில் மட்டும் தகரத்தைச் சுற்றிக்கொண்டு போவார். அந்தரத்தில் வேலை செய்கிறவர் அல்லவா, பார்த்துத்தான் கால் வைப்பார். நீச்சல் தெரியாது என்பதையும் அவரே ஒரு நாள் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பிறகு அவருக்குத் தொலைவில், குளிர் அதிகமான ஓர் ஊரில் வேலை கிடைத்தது. குட்டியையும் அழைத்துக்கொண்டு போவதாகச் சாப்பிடும்போது சொன்னார்.

"அங்க இவளுக்கு யாரைத் தெரியும், தம்பி? தொட்டதுக்கெல்லாம் சளி பிடிக்கிற உடம்பு."

"அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணி. செடிக்குத்தான் நீங்க வேணும். இவளுக்கு நான் போதும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதைக் கேட்டுக் குட்டி சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேர் பிடித்து நிற்கிற செடியைப் பிடுங்கிக் கண்ட மண்ணில் வைத்தால் பட்டுப்போகும். எனக்கு இது தெரியும். அவருக்குத் தெரியாது. தெரியாதவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அன்று விடுமுறை. குட்டி தனக்குக் கம்பளிச் சட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் தரைத்தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். முற்றம் முழுக்கத் தூளைப் பரப்பினேன். ஏற்கெனவே காய்ந்த தூள் ஒரு மூட்டை இருந்தது. அதைத் தொட்டித் தண்ணீரின்மேல் தூவினேன். காய்ந்த தூள் சட்டென்று ஊறாது, கொஞ்ச நேரம் மிதக்கும். பார்வைக்குத் தரைதான். தகரத்தை இரண்டு எட்டு தள்ளி, கெட்டித் தரைமேல் போட்டேன். அவருக்கு அடையாளம் தகரம்தானே.

"தம்பி, சுவரோரமா சல்லடை கிடக்கு. எடுத்துத் தர்றீங்களா?"

"அண்ணி சொல்லி மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

செருப்பைக் கழற்றினார். தகரத்தை மிதிக்காமல், எப்போதும்போலக் கவனமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

சத்தம் பெரிதாக இல்லை. அண்ணி என்றுதான் கூப்பிட்டார். நான் குழாயடியில் தூள் அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இன்னும் தெளியவில்லை. எதையும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை. தெளிந்த பிறகு குழாயை மூடினேன். முற்றம் அமைதியாக இருந்தது. தகரத்தைத் தொட்டியின் வாயருகே இழுத்துப் போட்டேன். சுவரோரம் போய்ச் சல்லடையை நானே எடுத்துவந்தேன். பிறகுதான் கத்தினேன்.

மட்டை போட மூடியைத் திறந்தேன், மாப்பிள்ளை கால் தவறிவிட்டார் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். என்னைத்தான் அதிகம் தேற்றினார்கள். பயணப் பெட்டியைப் பிரித்துக் குட்டியின் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். அவள் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. நான் கவலைப்படவில்லை. அசைத்துவிட்ட செடி கொஞ்ச நாள் தலை தொங்கத்தான் செய்யும்.

இன்று மாலை நான் தூள் அலசும்போது பக்கத்தில் வந்து நின்றாள். வெகுநேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஊறின தூள் அடியில போயிடும்ல?"

"ஆமா."

"காஞ்சதுதான் மேல மிதக்கும்."

"ஆமா குட்டி."

"நான் கடையிலேருந்து வந்தப்ப அவரைத் தூக்கிட்டு இருந்தாங்க. தொட்டி மேல தூள் மிதந்துச்சுக்கா. நீ அதுல மட்டைதானே போடுவ? அவ்ளோ பாடுபட்டு அலசிக் காயவச்ச தூளை அந்த அழுக்குத் தண்ணில ஏன் கொட்டின?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"பனி இறங்குது. உள்ள போ," என்றேன்.

அவள் உள்ளே போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வழியே நடந்தாள். நேரே இந்தக் காவல் நிலையத்துக்குத்தான் வந்திருக்கிறாள்.

ஆம், தகரத்தை நகர்த்தியது நான்தான். தூளைத் தூவியது நான்தான். சல்லடை கேட்டதும், அவர் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே வாளியை அலசியதும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

குட்டி வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? போட்ட துணியோடு கிளம்பி வந்துவிட்டாள். அந்தக் கம்பளிச் சட்டையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், கொடுத்துவிடுங்கள். இருட்டுகிறது, அவளைத் தனியாக அனுப்ப வேண்டாம், அய்யா. இது முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போய்விடுகிறோம்.