மறைந்தார் என்று எழுதிவிட்டோம்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, எங்கள் மையத்துப் பயிற்சியாளர்களே! ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் முன்னால் வாருங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது அவர் போட்ட சட்டம்.

யார் அவர்? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நடத்தைப் பயிற்சி தருவதையே வாழ்க்கையாகக் கொண்டவர். இந்த மையத்தின் இயக்குநர். ஆனால் இயக்குநர் என்று யார் கூப்பிட்டோம்? 'வேண்டாம் டீச்சர்' என்றல்லவா கூப்பிட்டோம்!

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். மணியக்காவை உங்களுக்குத் தெரியும். தையல்காரரின் மகள். இங்கே மணி பார்த்துச் சொல்வது அவர் வேலை. வயதில் எனக்கு மகள் மாதிரி, இருந்தாலும் எனக்கும் அவர் மணியக்காதான். வந்த புதிதில் அவருக்குப் பேச்சில்லை. பிடிக்காதது எதிரே வந்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வார். "எப்படியாவது அடக்கி உக்கார வச்சிருங்க டீச்சர்" என்றார் தையல்காரர். "அடக்கறதுக்கு நான் எதுக்குங்க? கடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றார் டீச்சர். எதற்கும் அவருக்கு முதல் கேள்வி இதுதான்!

அவர் கற்றுக்கொடுத்த முதல் சொல் அம்மாவா? அப்பாவா? இல்லை, 'வேண்டாம்'! கையால் தள்ளினாலும் சரி, 'வே' என்று இழுத்தாலும் சரி, நீட்டிய பொருளை அந்த நொடியே எடுத்துவிடுவார். மாதக்கணக்கில் இதே வேலை. ஒருநாள் டீச்சர் வண்ணக்கட்டைகளை நீட்ட, "வேண்டாம்" என்றார் மணியக்கா. பேச்சுப் பயிற்சியாளன் நான் துள்ளிக் குதித்தேன். டீச்சர் சத்தமில்லாமல் கட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடினார். கொஞ்ச நாளில் தையல்காரர் வந்தார். "சாப்பாடு வேண்டாம், குளியல் வேண்டாம், நானே வேண்டாங்கறா! நல்லா வாய் கத்துக் குடுத்தீங்க போங்க" என்று புலம்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

இன்று? இங்கே நடப்பதைக் கேளுங்கள், பெரியோர்களே! போன வாரம் மாரடைப்பு டீச்சரைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து மணியக்கா மணி சொல்வதில்லை. அறை அறையாகப் போகிறார். கதவுக்குப் பின்னால் பார்க்கிறார், அலமாரியைத் திறக்கிறார், மேசைக்கு அடியில் குனிகிறார். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அலையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பரிசு தரலாமா என்று கூடி உட்கார்ந்து திட்டம் போட்டோம்! டீச்சர் இருந்திருந்தால் எங்கள் காதைத் திருகியிருப்பார். முன்னாடி என்ன நடந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லையே! இன்று காலையில் தையல்காரரின் மனைவிதான் கேட்டார்: "வாசல்ல தட்டி வச்சீங்களே, அதை அவ நின்னு படிச்சா, பாத்தீங்களா?"

அந்தத் தட்டியில் என்ன எழுதியிருந்தோம்? 'எங்கள் இயக்குநர் மறைந்தார்.'

மறைந்தவரைத் தேடாமல் வேறென்ன செய்வார் மணியக்கா? படித்ததை அப்படியே நம்பினார். மறைந்தார், பிரிந்தார், காலமானார் என்று சுற்றி வளைத்ததெல்லாம் நாம்தான். நமக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

டீச்சரின் படத்துக்கு முன் நின்று நாம் சொல்லிக்கொள்வோம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் கையை எடுப்போம். திருத்துவதற்கு முன் ஏன் என்று பார்ப்போம். நம் பேச்சை நம்புகிறவர்களிடம் மழுப்ப மாட்டோம். அதை இப்போதே தொடங்குகிறேன். மணியக்காவைப் பெற்றவர்களைக் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள்.

மணியக்கா, அந்தத் திரைக்குப் பின்னால யாரும் இல்ல. இங்க வாங்க. டீச்சர் எங்கயும் ஒளிஞ்சுக்கல. டீச்சர் செத்துப்போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க.

என்னம்மா? இன்னொரு தடவை சொல்லுங்க.

கேட்டதா உங்களுக்கு? 'வேண்டாம்' என்கிறார்.

இந்த மையத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தும் நாங்கள் நிறுத்தாமல் இருந்ததில்லை. இதை எப்படி நிறுத்துவது?

ஆமா மணியக்கா. எனக்கும் வேண்டாம்.