அக்கா கடைசியாக உறை போட்ட புத்தகம்

மேடையில் அமர்ந்திருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமாவே, வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கும் வாசகர் வட்டத்து நண்பர்களே! வட்டத்தின் செயலாளராக உங்கள் முன் நிற்கிறேன். "அழுது முடிச்சிட்டுப் போய்ப் பேசுங்க" என்றாள் என் மனைவி. முடித்துவிட்டேன். இனிப் பேசுகிறேன்.

நம் நூலகர், நாம் வாய் நிறையக் 'காக்கி அக்கா' என்று கூப்பிட்ட அம்மையார், போய்விட்டார். ஏன் அந்தப் பெயர்? பரிசு வாங்கிய நாவலோ, பெரியவர்கள் மெச்சிய கவிதையோ, கட்டுரையோ, எது வந்தாலும் காக்கித் தாளில் உறை போடுவார். தலைப்புப் பக்கத்தையும் உள்ளே மடித்துச் செருகி வாசல் மேசையில் வைப்பார். படித்து முடிக்கும்வரை பிரிக்கக் கூடாது! "பரிசு வாங்குச்சுன்னு தெரிஞ்சா பாதிப் பேரு பயந்து ஓடுறாங்க, மீதிப் பேரு கும்பிட்டுட்டுப் போயிடுறாங்க. படிக்கிறது யாரு?" என்பார்.

அதோ, கடைசி வரிசையில் நிற்கிறாரே, பேருந்து ஓட்டுநர் அண்ணன்! கவிதை என்றாலே காத தூரம் ஓடியவர். மேசையிலிருந்து ஒன்றை எடுத்துப் போய், மறுநாளே சண்டைக்கு வந்தார்.

"என்னம்மா இது, வரியெல்லாம் பாதியிலயே நிக்குது? மீதி எங்க? அச்சடிக்கிறப்ப விட்டுட்டாங்களா?"

"மீதி உங்ககிட்டதாண்ணே இருக்கு. இன்னொரு தடவ படிங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். இன்றைக்கு, உள்ளே கவிதைதான் இருக்கும் என்று மேசையில் மெலிந்த புத்தகமாகப் பார்த்துத் தடவி எடுப்பவர் அவர்தான்!

இப்போது என்ன பேச்சு அடிபடுகிறது? மேசையை எடுத்துவிட்டு, பரிசு நூல்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பார்களாம். தலைவர் ஐயா முன்பே சொன்ன யோசனைதான். "பூட்டி வெக்க இது என்ன நகைக்கடையா?" என்று அக்கா அன்றே விரட்டிவிட்டார். அவர் கண்ணை மூடியதும் அது மறுபடி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. விடுவோமா? விட மாட்டோம்! வட்டத்தார் முறை வைத்து உறை போடுவோம். மேசை இருந்த இடத்திலேயே இருக்கும்!

அக்கா கடைசியாக உறை போட்ட புத்தகம் இதோ என் கையில். உடம்புக்கு முடியாமல் போட்டது, ஓரமெல்லாம் கோணல். உள்ளே என்னவென்று மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சத்தியமாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த மேசையிலிருந்து இதுவரை ஒரு புத்தகம்கூட எடுக்காதவர் இந்த அரங்கில் ஒருவர்தான். தலைவர் ஐயா, கையை நீட்டுங்கள். படித்து முடித்துவிட்டு வாருங்கள். அலமாரியைப் பற்றி அப்புறம் பேசலாம்.