எட்டாவது பொதி

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

படுக்கிறேன். வாய்க்குள் மணல். தூரத்தில் ஒரு குத்து. பிறகு ஷெல்லின் கூவல். எண்ணுகிறேன். ஒன்பதில் வெடிக்கிறது. கோயிலுக்குப் பின்பக்கம்.

1990, ஆகஸ்ட். மன்னார்க் கடற்கரை. மாலை நான்கு இருபது. எனக்குப் பதினொரு வயது. வள்ளம் புறப்படப் போகிறது. பொதிகளை எண்ணுவது என் வேலை. வீட்டில் எட்டு கட்டினோம். மணலில் ஏழு.

"அப்பா, ஒண்டு குறையுது!"

அப்பா வீட்டுப் பக்கம் திரும்பி ஓடினார். மறுபடி குத்து. கூவல். இம்முறை ஏழு வரைதான் எண்ண முடிந்தது. எங்கள் தெரு இருந்த இடத்தில் புகை. வள்ளம் காத்திருக்கவில்லை.

அம்மாவும் நானும் கடல் கடந்து இந்தியாவில் மண்டபம் வந்தோம். பிறகு திண்டுக்கல் பக்கத்து முகாம். பத்துக்குப் பத்து அறை. வேண்டியதை எடுத்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு பொதியையும் மறுபடி முடிச்சுப் போட்டுவிடுவார். அப்பா வந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டுமே.

நான் சிவில் டிப்ளமா முடித்தேன். கையெழுத்து திருத்தமாக இருப்பதால், பங்குக் கோயிலில் திருப்பலிக் கருத்துகளை எழுதும் நோட்டு என்னிடம் வந்தது. பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று இரண்டு பத்தி. உயிரோடிருப்போர் நலம் வேண்டி. இறந்தோர் நினைவாக. அம்மா ஒவ்வொரு நவம்பரும் அப்பாவின் பெயரை முதல் பத்தியில் எழுதச் சொல்வார். எழுதினேன். கோயிலில் எல்லோருக்கும் தெரியும். யாரும் திருத்தவில்லை.

2001, நவம்பர் 2. கல்லறைத் திருநாள். காலை. எல்லாக் கல்லறையிலும் புதுச் சுண்ணாம்பு, மல்லிகை, மெழுகுவர்த்தி. எங்களுக்குக் கல்லறை இல்லை. வாசலிலேயே நின்றோம். கோயிலில் எங்கள் பக்கத்தில் உட்காரும் ஆரோக்கியமேரி டீச்சர் வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"ஏன்க்கா இங்கனயே நிக்கிறீங்க? வாங்க. எங்க மாமனாரு கல்லறைல பாதி உங்களுக்கு. உசுரோட இருந்தப்ப கட்டில்ல ஒருத்தரையும் உக்கார விடமாட்டாரு. இப்பவாச்சும் செத்த நகந்து படுக்கட்டும்."

அம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. இடது பாதியில் பூ வைத்தார். மெழுகுவர்த்தி ஏற்றினார். டீச்சர் வீட்டார் எல்லோரும் எங்களோடு முழந்தாளிட்டார்கள்.

"பேரை மாத்தி எழுது, பிள்ளை," என்றார் அம்மா.

நோட்டு கையில் இருந்தது. முதல் பத்தியில் அடித்தேன். இரண்டாவதில் எழுத முடியவில்லை. பதினொரு வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"நான் எண்ணாம இருந்திருந்தா அப்பா போயிருக்க மாட்டார்."

அம்மா மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னை எண்ணச் சொன்னது நான்."

எழுதினேன்.

வீடு வந்ததும் ஏழு பொதிகளையும் அவிழ்த்தோம். டீச்சர் கொடுத்த பழைய அலமாரியில் அடுக்கினோம். கட்டியிருந்த கயிறு துணி காயப்போட உதவியது.

இழந்தவை: வீடு ஒன்று. ஆடுகள் நான்கு. வலைகள் மூன்று. எட்டாவது பொதி. அதில் என் பள்ளிக் கொப்பிகள் ஐந்து, வெள்ளைச் சட்டை ஒன்று.

அப்பா. சூசைப்பிள்ளை. வயது முப்பத்தெட்டு.

கல்லறை: பாதி. திண்டுக்கல்லில்.