ஒரு சுழி குறைந்த கணத்தாக்கு

உந்தத்தை உணர்த்திய உத்தமரே! விசைக்கு விளக்கம் தந்த வித்தகரே! மதிப்பெண் என்றால் மட்டும் மனம் இளகாத எங்கள் மாண்புமிகு இயற்பியல் ஆசிரியரே! வணக்கம்.

பணி நிறைவு பெறும் தங்களை வாழ்த்த வந்த நாங்கள், வாழ்த்தோடு ஓர் அச்சத்தையும் சுமந்து நிற்கிறோம். ஒளிப்பானேன்?

ஓடிவரும் வண்டியைச் சுவர் தடுத்தாலும் நிற்கும், கை வாங்கினாலும் நிற்கும். அது இழக்கும் உந்தம், பாடத்தின் சொல்லில் கணத்தாக்கு, இரண்டிலும் ஒன்றே. சுவர் ஒரே கணத்தில் பறிப்பதால் அடி பெரிது. கை பின்வாங்கியபடி நேரம் கொடுத்துப் பெறுவதால் அடி சிறிது. இதைத் தாங்கள் சொன்னதைவிடச் செய்துகாட்டியதே அதிகம். ஆய்வக மேசைத் தண்டவாளத்தின் அந்த முனையில், ஆய்வக உதவியாளராம் தங்கள் துணைவியார், எங்களுக்கெல்லாம் அக்கா. இந்த முனையில் தாங்கள். "விடுறேன், பிடிச்சுக்கோங்க!" என்று சிறு சோதனை வண்டியை உருட்டிவிடுவார் அவர். கைகளை மார்புவரை பின்னிழுத்தபடியே, "தடுக்காதீங்கப்பா, வாங்குங்க" என்று மாணவரிடம் சொல்வீர்கள் தாங்கள்.

கணத்தாக்கைக் கனத்தாக்கு என்றெழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் அரை மதிப்பெண்ணை அறுத்த தாங்கள், வண்டிப் பெட்டியில் அக்கா அதே பிழையோடு எழுதி ஒட்டிய சீட்டை மட்டும் கண்டும் காணாமல் விட்டீர்கள். வீட்டுக்கு ஒரு நியாயம், வகுப்புக்கு ஒரு நியாயமா என்று ஓய்வறையில் நாங்கள் சிரித்ததுண்டு.

அக்கா திடீரென மறைந்தார். அந்த அடியையும் தாங்கள் சுவராய் நின்று ஏற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாய், காலம் கொடுத்து வாங்கினீர்கள். எங்களுக்கும் அழுகை வந்தது.

பிறகுதான் அந்த ஓசை தொடங்கியது. மாலை மணி அடித்துப் பிள்ளைகள் போனபின், மேல்மாடி ஆய்வகத்தில் சக்கரம் உருளும். வேதியியல் ஆசிரியை ஒருநாள் எட்டிப் பார்த்தார். அந்த முனையில் ஆளில்லை, வண்டி வந்தது, தாங்கள் புன்னகையோடு கைகளைப் பின்னிழுத்து வாங்கினீர்கள். அன்றுமுதல் அவர் தனியே மாடி ஏறுவதில்லை. தாங்கள் காய்ச்சலில் விடுப்பெடுத்த மாலையோ, பூட்டிய அறைக்குள் பேரோசை கேட்டது. மறுநாள் திறந்தால், தண்டவாள முனையின் தடுப்புக்கட்டை இரண்டாய்ப் பிளந்து கிடந்தது.

நாளை முதல் யார் வாங்குவார், ஐயா? தாங்கள் இல்லாத முனையை நோக்கி அவர் விட்டுக்கொண்டே இருந்தால் எங்கள் மனம் தாங்குமா? எங்களில் எவர் கைக்கும் அந்தத் துணிவில்லை. அந்த உரிமையும் இல்லை.

ஆகவே தலைமையாசிரியரின் இசைவோடு, அந்த வண்டியையே தங்களுக்குப் பரிசளிக்கிறோம். சக்கரங்களைக் கயிற்றால் கட்டி, புதுப் பெட்டியில் வைத்தோம். மேலே மூன்று சுழி ண போட்டு, 'கணத்தாக்கு வண்டி' என்று தமிழாசிரியரே மையால் எழுதினார். காலையில் பார்த்தால் ஒரு சுழியைக் காணோம். இந்த விழா மேசை நடுவில் வைத்த பெட்டியும் தங்கள் நாற்காலிப் பக்கமாய் ஒரு சாண் நகர்ந்திருந்தது. திருப்பி வைத்தோம், மீண்டும் நகர்ந்தது. அதன்பின் யாரும் தொடவில்லை.

பாடத்தைப் பாசமாக்கிய பண்பாளரே! நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் வாழ்க! இனி வரும் தங்கள் மாலைகள் துணையோடு கழிக! வாசிப்பவர் விரைந்து படித்தால் பொறுத்தருள்க. இம்மடல் முடிவதற்குள் பெட்டி மேசை விளிம்பைத் தொட்டுவிடும்.

கைகளை நீட்டுங்கள், ஐயா. அக்கா விட்டுவிட்டார்.

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமில்லாத
ஆசிரியர்கள், அலுவலர்கள்