விதிப்படி ஆளில்லை

உங்களுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற பலகையில் ‘புகைபிடிக்க கூடாது’ என்று எழுதியிருக்கிறது. நடுவில் ஒரு ‘க்’ வர வேண்டும், ஐயா. புகைபிடிக்கக் கூடாது. தப்பாக நினைக்காதீர்கள், குறை சொல்லவில்லை. போன வருஷம் வரைக்கும் இதெல்லாம் என் கண்ணிலும் படாது. என் மச்சான் கற்றுக்கொடுத்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நாம் பேச வேண்டியது அவரைப் பற்றித்தான். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவர் ஓய்வு பெற்றார், ஊரில் பிழைகள் ஓய்வு பெறவில்லையே. ஹோட்டல் விலைப்பலகை, மருந்துச் சீட்டு, பக்கத்துக் கடை விளம்பரம், எது கிடைத்தாலும் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்துவிடும். எங்களுக்கு எதிர்வீடு. நான் நகராட்சியில் விதிகள் எழுதும் பிரிவில் இருக்கிறேன். விதி எழுதுகிறவனுக்கு எதிர்வீட்டில் பிழை பார்க்கிறவர். இதுவும் ஒரு விதிதான், ஆனால் நான் எழுதியது அல்ல.

போன வருஷம் என் மனைவி இறந்தாள். பேப்பருக்கு அறிவிப்பை நானே எழுதினேன், அழுதுகொண்டேதான் எழுதினேன். ‘மீளா துயில் கொண்டாள்’ என்று முடித்திருந்தேன். மறுநாள் ஆட்கள் நிறைந்த கூடத்தில் மச்சான் பேப்பரும் கையுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கையை இழந்தவர், அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. என் தோளில் கை போட்டார்.

“மாப்பிள்ளை, ஒரு ‘த்’ விட்டுட்டீங்களே. மீளாத் துயில்னுல்ல வரணும்.”

சொன்னதோடு விட்டாரா? சிவப்புப் பேனாவால் அந்த ‘த்’தைப் போட்டும் காட்டினார், அவளுடைய படத்துக்கு நேர் கீழே. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “சரி மச்சான்” என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அமலாக்க விதிகளைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. பழைய விதிகள் ரொம்பப் பரிதாபம். ஒரு வீட்டு வேலி தெருவுக்கு வந்துவிட்டால், ஆய்வாளர் நேரில் போய் அறிவிப்பைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டுக்காரர் வெளியே வர மாட்டார், நாய்தான் வரவேற்க வரும். எங்கள் ஆய்வாளர்களில் கடிபடாத கால் உள்ளவர்கள் குறைவு. என் புது விதிகளில் அந்தத் தொல்லையே கிடையாது. கோர்ட்டுக்கு அலையாமல் ஆய்வாளரே அபராதச் சீட்டுப் போடலாம். சீட்டை வாசல் கதவில் ஒட்டினால் போதும், கையில் கிடைத்ததாகக் கருதப்படும். கெடுவுக்குள் முறையீடு வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். கடைசிவரை பதிலே இல்லையென்றால் ஆளில்லாக் கட்டடமாகக் கருதப்படும், தகடு அடித்து மூடிவிடலாம். அலுவலகத்தில் என்னைக் ‘கருதப்படும் சார்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதைப் போல ஓடியாடி உழைக்கிற சொல் வேறொன்று இல்லை.

பழைய விதியில், மூடுவதற்கு முன் ‘உள்ளே சென்று பார்த்த பின்’ என்று ஒரு தொடர் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். யாராவது கேட்டால் நாயைக் காரணம் சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டோம். பேச ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா? மைக்கைப் பிடித்ததும் ஆரம்பித்துவிட்டார். “அபராத சீட்டுன்னு போட்டிருக்கு, ‘ச்’ எங்கே? கட்டட பிரிவுன்னு போட்டிருக்கு, ‘ப்’ என்ன ஆச்சு?” பக்கம் பக்கமாகப் புரட்டினார். கொடுத்த நேரமெல்லாம் ஒற்றிலேயே கரைந்தது. தலைவர் மணியடித்தார். “இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க, முக்கியமானது” என்றார் மச்சான். “எழுதிக் கொடுங்க ஐயா, சேர்த்துக்கறோம்” என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வெளியே படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஒற்றை விடுங்க மாப்பிள்ளை. உள்ளே போய்ப் பாக்கணும்கிற வரியவே காணோமே? அச்சுப்பிழையா?”

“ஆமா மச்சான். அடுத்த திருத்தத்துல போட்டுடறேன்.”

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. என் பிழையை என் வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் தனியாக இருந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கிடங்குச் சுவர், இன்னொரு பக்கம் காலி மனை, எதிரே நான். வாசல் கதவை உள்ளே புத்தக அலமாரி அடைத்துக்கொண்டிருந்ததால் அது திறந்தே வருஷக்கணக்காகிறது. போக வரப் பக்கவாட்டுக் கதவுதான். வேலி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தெருவுக்கு வந்துவிட்டது. புகார் செய்தது யார் என்று கேட்பீர்கள். நான்தான். எதிர்வீட்டுக்காரன் புகார் செய்வதில் என்ன தப்பு? சீட்டுகள் வாசல் கதவில் வரிசையாக ஒட்டப்பட்டன. மச்சான் கண்ணுக்குத் தப்பிய எழுத்தென்று ஊரில் இருந்தவை அவை மட்டும்தான்.

கெடு முடிந்த வாரம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதீர்கள். “ரெண்டு நாள்ல எழுந்துடுவேன், ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம்” என்று பின்னறையில் படுத்துவிட்டார். சாப்பாடு நான்தான் கொண்டுபோனேன். போனில் பேசினால் சரியாகக் கேட்கவில்லை என்றார். ரிப்பேருக்குக் கொடுக்க வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் தகடு அடிக்க ஆட்கள் வந்தார்கள். ஆய்வாளர் நல்ல பிள்ளை, கேட்காமல் எதையும் செய்ய மாட்டார்.

“சார், நீங்க எதிர்வீடுதானே? உள்ளே யாரும் இல்லையே?”

“விதிப்படி யாரும் இல்லை” என்றேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது, ஐயா. அவர் சிரித்துக்கொண்டே “கருதப்படும் சார்னா சும்மாவா” என்று சொல்லிவிட்டு ஆட்களுக்குக் கை காட்டினார். மச்சான் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிற நேரம் அது. துளை போட்ட சத்தம் எனக்கே தலைவலியைக் கொடுத்தது, அவரை எழுப்பவில்லை. பக்கவாட்டுக் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் தகடு அடித்து, தண்ணீரையும் கரண்டையும் துண்டித்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. என் கூடத்தில் உட்கார்ந்தால் நன்றாகவே கேட்டது. “மாப்பிள்ளை” என்று கூப்பிட்டதும் கேட்டது. அடுத்த நாளும் கேட்டது. கெடு முடிந்த பின் வருகிற முறையீட்டுக்கு விதியில் இடமில்லை.

அவர் மகள் வெளியூரிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். “மாமா, அப்பா போனே எடுக்கலை. ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்.”

“போன் ரிப்பேர்ல இருக்கும்மா. நான் எதிர்லதானே இருக்கேன்.”

இதிலும் பொய்யில்லை. “நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் மாமா நான் இங்க இருக்கேன்” என்றாள். போனை வைத்தேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த வாரக் கடைசியில் அவளே வந்து தகட்டைப் பிரிக்க வைத்தாள். பேப்பருக்கான அறிவிப்பை என்னையே எழுதச் சொன்னாள். ‘மீளாத் துயில்’ என்று எழுதினேன். ‘த்’ போட்டேன். அச்சில் பார்த்ததும் யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். எதிர்வீட்டைப் பார்த்த பிறகுதான் காட்ட ஆளில்லை என்பது உறைத்தது.

இதோடு எல்லாம் முடிந்திருக்கும். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நேற்று நகராட்சியின் விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. ‘உள்ளே சென்று பார்த்த பின்’ என்ற தொடர் கவனக்குறைவால் விடுபட்டதாம். வருந்தத்தக்க பிழையாம். மனைவியை இழந்த துக்கத்தில் எழுதியவன் என்பதால் எனக்கு மன்னிப்பாம். என் பெயருக்குப் பக்கத்தில் பிழை என்று அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்திருக்கிறார்கள். எப்படி இருக்கும் எனக்கு?

அதனால்தான் நானாகவே உங்களைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த வரியைத் தெரிந்தேதான் எடுத்தேன். மச்சான் உள்ளே இருப்பது தெரிந்தேதான் மூட விட்டேன். அவர் தட்டியது எனக்குக் கேட்டது. எதுவும் விட்டுப்போகவில்லை, எழுதியதை நீங்களே ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். கொலை என்றே போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.