சில்லறைத் தட்டுக் காசு

— வேண்டாம்மா, சொன்னா கேளுங்க. கப்பல் படம் போட்ட இந்தப் பழைய காசைத் தரம் போட அனுப்பினா, காசு விக்கிற விலையைவிடக் கட்டணம் இருபது மடங்கு ஆகும்.

— கட்டப்போறது நான்தானே தம்பி? உங்க காசுக் கடை வழியா அனுப்பி வைங்க, போதும்.

— அவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? லென்ஸ் வெச்சுப் பாத்து, எழுபதுக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சீல் வெச்சுத் தருவாங்க. அபூர்வமான காசுன்னா சரி, விலை ஏறும். இது ஊர்ப்பட்டது கிடக்குது. அதுலயும் யாரோ நல்லாத் தேச்சு வேற வெச்சிருக்காங்க.

— நான்தான். பளபளன்னு இருந்தா மார்க் கூடப் போடுவாங்கன்னு பல்பொடி போட்டுத் தேச்சேன்.

— ஐயையோ! தேச்ச காசுக்கு மார்க்கே கிடையாதும்மா. 'தேய்க்கப்பட்டது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவாங்க.

— எழுதிட்டுப் போகட்டும். எவ்வளவு நாள் ஆகும்?

— மூணு மாசம் இழுக்கும்.

— நடுவுல வந்து, 'வந்துடுச்சா'ன்னு கேக்கலாமில்ல?

— எதுக்கும்மா அலையறீங்க? வந்ததும் நானே போன் பண்றேன்.

— போனெல்லாம் வேண்டாம். நேர்லயே வர்றேன். வாராவாரம்.

— ஒரு நிமிஷம்மா, இந்த மேஜை போனை எடுத்துப் பேசிடறேன்... ஹலோ! சொல்லுங்க சார்... வெள்ளிக் காசா? இன்னைக்கு முடியாது சார், நாளைக்கு வாங்க... சரி, வைக்கிறேன். பாத்தீங்களாம்மா, மூச்சு விட நேரமில்ல.

— இதுல உங்க நேரத்தை நான் வேற கெடுக்கறேன்.

— சேச்சே! அது கிடக்கட்டும். இந்தக் காசு உங்களுக்கு ஏது?

— எங்க வீட்டுக்காரர் சேத்து வெச்ச டப்பாவுலதான்.

— வாரம் ஒண்ணா எடுத்துட்டு வந்து காட்டுவீங்களே, அந்த டப்பாவா? போன மாசமே காலின்னீங்க?

— அடியில ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்துது.

— அம்மா... விளிம்புல இந்த வெட்டு தெரியுதா? இது இருக்கறதாலதான் விலை போகாதுன்னு வாசல் சில்லறைத் தட்டுல நானே தூக்கிப் போட்டேன். போன வாரம் போறப்ப நீங்க அதுலேருந்து ஒண்ணு வாங்கினீங்க, இல்ல?

— அந்தக் காசை இப்படிக் குடுங்க தம்பி, நான் கெளம்பறேன்.

— கோவிச்சுக்காதீங்கம்மா. வாய் தவறிக் கேட்டுட்டேன்.

— கோவம் என்ன தம்பி, மானம்தான் போகுது. அவர் போனப்புறம் வீட்டுல டிவி மட்டும்தான் பேசுது. என் முகத்தைப் பாத்து 'உக்காருங்கம்மா'ன்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதான். டப்பா தீந்துபோச்சு. வெறுங்கையோட வந்து நின்னா எதுக்கு வந்தீங்கன்னு கேப்பீங்களே, அந்த பயம்தான்.

— கேக்க மாட்டேன். முதல்ல கட்டணத்துக்குன்னு எடுத்த பணத்தைப் பைக்குள்ள வைங்க. இந்தக் காசு எங்கயும் போக வேண்டாம். சும்மாவே வாங்க நீங்க. எனக்குத் தலைக்கு மேல வேலைதான், இருந்தாலும் உங்களுக்குன்னு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்க மாட்டேனா?

— வர்றேன் தம்பி. ஆனா நான் வர்றப்பல்லாம் நீங்க அந்த போனை எடுத்துப் பேச வேண்டாம். அதோட ஒயர் நான் வந்த முதல் நாள்லேருந்தே மேஜைக்குக் கீழ கழண்டு கிடக்குது.