சட்டையைக் கழற்றச் சொன்னாரா

ஒரு கிளினிக்குக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது கை கழுவும் தொட்டியைத்தான். சோப்பு ஈரமாக இருந்தால் அங்கே யாரோ கை கழுவுகிறார்கள் என்று அர்த்தம். காய்ந்து வெடித்துக் கிடந்தால், சுவரில் எத்தனை சான்றிதழ்கள் தொங்கினாலும் பிரயோஜனமில்லை. எங்கள் பகுதி கிளினிக்குகளில் நோயாளிகளை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று நேரில் பார்த்து மதிப்பிடுவது என் வேலை. அதற்கு முன் பல வருடம் நர்ஸாக இருந்தேன். பெரும்பாலும் புற்றுநோய் வார்டில்.

டாக்டரின் அலட்சியத்தால்தான் என் கணவர் இறந்தாரா என்று கேட்கத்தான் என்னை இந்த விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் எதையும் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் தெருமுனையில் இருக்கும் அந்த டாக்டரை எல்லோரும் சிரிப்பு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலோடு போகிறவர்கள் பாதிக் காய்ச்சலை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வருவார்கள். யார் வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதுகிறது, யார் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய சோப்பு எப்போதும் ஈரமாகவே இருந்தது. ஒரே ஒரு குறை. யாரையும் சட்டையைக் கழற்றச் சொல்லமாட்டார். ஸ்டெதஸ்கோப்பைத் துணிக்கு மேலேயே வைப்பார், குளிர்காலத்தில் ஸ்வெட்டருக்கு மேலேயே வைப்பார். ஒருநாள் காலை முழுவதும் அவர் அறையின் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். உடம்பைப் பார்க்கவில்லை.

அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"நோயாளிங்க ஒருத்தர்கூடப் புகார் சொல்லல. நீங்க மட்டும் எதுக்கு மேடம் நொட்டை சொல்லிட்டே இருக்கீங்க?"

வீட்டில் சொன்னேன். என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எவ்வளவு நெரிசலிலும் ஹாரன் அடிக்காதவர் என்பதால் பணிமனையில் அவருக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். அவரும் சிரித்தார்.

"அவரையா சொல்ற? தங்கமான மனுஷன். ஊரே ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்லுவ. உனக்கு யாரைப் பாத்தாலும் குறைதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு முதுகு தேய்த்துவிடுவேன். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. கல்யாணமான புதிதில் அது கடுகளவுதான் இருந்தது. அந்த ஞாயிறு பார்த்தபோது சட்டைப் பொத்தான் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஈரத்தாளில் மை ஊறியது போல் ஓரம் கலைந்து, ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் இருந்தது. வார்டில் அப்படிப்பட்ட முதுகுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என் கை தானாக நின்றது.

"என்ன, நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல. சோப்பு வழுக்கிடுச்சு."

அவரை டாக்டரிடம் அனுப்பாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதே வாரம் தோள் வலிக்கிறது என்றார். நாள் முழுக்க ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிரிப்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். என் வாயால் அதைக் கேட்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

நான் யோசித்தது இதுதான். தோள் வலி என்று ஒருவர் வந்தால் சட்டையைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும். கழற்றினால் அந்த மச்சம் கண்ணில் படாமல் போகாது. டாக்டர் கண்டுபிடித்துவிட்டால் நான் எழுதியது தப்பு, என் கணவர் பிழைப்பார். கண்டுபிடிக்காவிட்டால், இனி யாரும் மறுக்க முடியாத ஆதாரம் கிடைக்கும், ஊர் பிழைக்கும். எப்படிப் பார்த்தாலும் நன்மைதான். இதில் என்ன தவறு என்று நீங்களே சொல்லுங்கள்.

திரும்பி வந்தார்.

"சட்டையக் கழட்டச் சொன்னாரா?"

"எதுக்கு? தோளத் தொட்டுப் பாத்தார், களிம்பு எழுதிக் கொடுத்தார். புது பஸ் எப்படி ஓடுதுன்னு கேட்டார்."

ஒரு தடவை தவறியதை வைத்து ஒரு மனிதரை எடை போடக் கூடாது. எந்த டாக்டருக்கும் அசதியான நாள் ஒன்று இருக்கும். அதனால் வலி திரும்பும்வரை காத்திருந்து மறுபடியும் அனுப்பினேன். பிறகு மறுபடியும். கடைசியில் நான் கேட்பதற்கு முன்பே வாசலில் நின்று சல்யூட் அடித்து, "கழட்டச் சொல்லல, மேடம்" என்பார். எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்குள் பனியனில் சின்னச் சின்னதாக ரத்தப்பொட்டு விழ ஆரம்பித்திருந்தது. ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். அவர் கண்ணில் படுவதற்குள் அலசிவிடுவேன். அங்கே அரிக்கிறது என்றபோது வேர்க்குரு என்றேன். முதுகு தேய்க்கும்போது அந்த இடத்தைச் சுற்றி மெதுவாகத்தான் தேய்த்தேன். வலிக்கவிட்டதில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். சொல்லியிருந்தால், முதுகில் ஏதோ இருக்கிறதாம் என்று அவர் போய்ச் சொல்லியிருப்பார், டாக்டரும் பார்த்திருப்பார். அது டாக்டரின் கவனிப்பு ஆகாது, என்னுடைய கவனிப்பு ஆகிவிடும். மதிப்பீடு கெட்டுப்போயிருக்கும்.

கொஞ்ச காலம் கழித்து அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. குளிக்கும்போது அவரே தொட்டுப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கே நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. வேறு எதுவும் பேசுவதற்கு முன் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகைப் பார்த்ததும் மேஜை விளக்கை அருகே இழுத்தார்.

"இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"முதுகுல இருக்கறது எனக்கு எப்படிம்மா தெரியும்? இவளைக் கேளுங்க. வாராவாரம் தேய்ச்சு விடறது இவதானே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கவனிக்கல" என்றேன்.

டாக்டரம்மா குனிந்து எழுத ஆரம்பித்தார். என் கணவர் மட்டும் என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கீழேயிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். அதைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அதன் பிறகு முதுகு தேய்க்க என்னைக் கூப்பிட்டதும் இல்லை.

இறந்த பிறகு, இப்போதுதான் கூப்பிடுகிறார். நோயில் கம்மிப்போன குரலில் அல்ல, பழைய குரலில். "கொஞ்சம் முதுகு தேய்ச்சு விடேன்." போய்ப் பார்த்தால் குளியலறையில் குழாய் மூடியிருக்கும், தரை காய்ந்திருக்கும். ஒருமுறை போய்ச் சேர்ந்தபோது என் கையில் சோப்பு இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் பின்னால் உட்கார முடிவதில்லை, எதிரே வரிசையாக ஆண்களின் முதுகுகள். முன் இருக்கைக்குப் போனால் அங்கே டிரைவரின் முதுகு.

காரியமெல்லாம் முடிந்தபின் டாக்டர் வீட்டுக்கு வந்தார். கிளினிக்கைத் தானே மூடிவிட்டதாகச் சொன்னார். சிரிப்பு டாக்டர் அழுததை நான் மட்டும்தான் பார்த்திருப்பேன்.

"முதல் தடவை வந்தப்பவே அது இருந்திருக்குமாம்மா?"

"இருந்துச்சு டாக்டர்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தார். கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போனார். உங்களிடம் அவர் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. என் கணவர் சொன்னது போல, தங்கமான மனுஷன்தான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன், தெரிந்துதான் காத்திருந்தேன். எனக்காக அல்ல. நாளைக்கு அந்த வாசலில் வந்து நிற்கப்போகிறவர்களுக்காக.

கடைசி வாரத்தில் ஒருநாள் என் கணவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "அந்த டாக்டர் விஷயத்துல நீ சொன்னதுதான் சரி" என்றார்.

காதில் விழவில்லை என்று சொல்லி, இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.